யார் பெற்ற பிள்ளை?

அறிவியல் புனைகதையில் பெற்றோர் தெரியாத பிள்ளை ஒன்று வந்துவிட்டால் போதும், கதையை விட்டுவிட்டு அதன் பூர்வீகத்தைத் துருவத் தொடங்கிவிடுவோம். 2015இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்: த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்து ரே இதற்கு நல்ல உதாரணம். ஜக்கூ என்ற பாலைவனக் கிரகத்தில் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் அவள், விட்டுப்போன தாய் தகப்பன் திரும்பி வருவார்கள் என்று சுவரில் கோடு கிழித்து நாளெண்ணுகிறாள். லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாள் அவளை அழைத்ததுதான் தாமதம். லூக்கின் மகளா, ஓபி-வான் கெனோபியின் பேத்தியா என்று ரசிகர்கள் ஊகிக்கத் தொடங்கினார்கள்.

இதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்க முடியாது. ஊகிப்பவர் படத்தைக் கூர்ந்து பார்க்கிறார். ஒரு வசனத்தையும் ஒரு பார்வையையும் சாட்சிக்கு அழைக்கிறார். தன் ஊகம் எங்கே உடையும் என்று மற்றவரிடமிருந்து கற்கிறார். இதைவிட முக்கியமானது, நாயகியின் தவிப்பில் அவரும் பங்குகொள்வது. கர்ணன் கதையில் அந்த வாய்ப்பு இல்லை. அவன் குந்தியின் மகன் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். தெரியாமல் நிற்பவன் அவன்தான். விக்ரம் கே. குமார் இயக்கிய ‘24’ (2016) படமும் அந்த வழியில்தான் போகிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் மணியின் தகப்பன் விஞ்ஞானி சேதுராமன் என்பதைத் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறது. அங்கே நமக்கு இரக்கம் வருகிறது. ரேயின் கதையில் அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாததால், அவளோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம்.

பலவீனம் தொடங்கும் இடம், ஊகங்களில் அடிபடும் பெயர்கள். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீரர்களும் பெருந்தலைகளும்தான். இரும்புக் குப்பையில் உருண்டு இயந்திர நுட்பம் கற்றவள், தனியே இருந்து தற்காப்பு பழகியவள் ரே. அவளுடைய உழைப்பில் விளைந்ததை எல்லாம் யாரோ ஒருவரின் இரத்தக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது இந்த ஊகம். வளர்த்தவரும் இதில் காணாமல் போகிறார். மணியை வளர்த்து ஆளாக்கிய சத்தியபாமாவைக் கழித்துவிட்டு அவனைச் சேதுராமனின் வாரிசாக மட்டும் பார்த்தால் ‘24’இல் பாதிப் படம் போய்விடும்.

2017இல் ரியன் ஜோன்சன் இயக்கிய ‘த லாஸ்ட் ஜெடை’ துணிந்து ஒரு பதில் சொன்னது: ரேயின் பெற்றோர் பெயரில்லாத பழைய சாமான் வியாபாரிகள், குடிக்கக் காசுக்காக அவளை விற்றவர்கள். ஊகித்தவர்களில் பலருக்கு இது ஏமாற்றம். 2019இல் ‘த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ அந்தப் பதிலை மாற்றி அவளைப் பேரரசன் பால்படீனின் பேத்தியாக்கியது. இறுதியில் அவள் அந்தக் குலத்தை உதறி ஸ்கைவாக்கர் என்ற பெயரைத் தானே ஏற்பது உண்மை. ஆனாலும் உதறுவதற்குக்கூட ஓர் அரச குலம் தேவைப்பட்டிருக்கிறது. ‘கல்கி 2898 ஏடி’யிலும் (2024) இதே கோளாறுதான். கூலிக்கு ஆள்பிடிக்கும் பைரவா கடைசியில் கர்ணனின் மறுபிறவி ஆகிறான். கிருபர் குலம் கேட்டதால் சபையில் தலைகுனிந்து நின்றவனே இப்போது இன்னொருவனுக்குக் குலப்பெருமை!

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில் இருக்கும் றொசல்லயில் ‘யார் பெற்ற பிள்ளை’ என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்காக முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட லயத்தில் பிறந்தவரைப் பார்த்து இதைத்தான் கேட்டது. இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தாய்வழி கணக்கிலேயே இல்லை. காட்டப் பத்திரம் இல்லாதவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாக்கி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்து, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதைக் கொண்டு ரசிகரின் ஊகத்தைச் சட்டத்தின் விசாரணையோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. பூட்டன் எந்த ஊரிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தான் என்று தேடும் ஆசை மலையகத்திலும் உண்டு. அது நியாயமான ஆசை. வேரை அறிய விரும்புவது ஒன்று, வேரைக் காட்டினால்தான் மதிப்பு என்பது வேறொன்று. ரேயைப் பற்றிய ஊகம் முதலாவதாக இருந்தவரை கதையை வளர்த்தது; இரண்டாவதாக மாறியபோது அவளைச் சிறுமைப்படுத்தியது. எனவே ஓர் ஊகத்தின் தரத்தை அறிய ஒரு சோதனை போதும்: பெற்றோர் சாதாரண கூலியாட்கள் என்று கதை சொன்னால், ஊகித்தவர் அந்த நாயகியை அதே மரியாதையோடு பின்தொடர்வாரா? தொடர்வார் என்றால் அது நல்ல வாசிப்பு. இல்லையென்றால் அவர் அதுவரை கதை வாசிக்கவில்லை, பத்திரம் சரிபார்த்திருக்கிறார்.