மேடை அலசல்: யோஷிகியின் கண்ணாடிப் பியானோ

டிரம்ஸை வெளுத்து வாங்கிய கைகள் சற்று நேரத்தில் பியானோ கட்டைகளின் மேல் பூப்போல இறங்குகின்றன. எக்ஸ் ஜப்பான் ராக் குழுவின் தலைவர் யோஷிகிக்கு இரண்டுமே கைவந்த கலை. அவர் வாசிப்பது கவாய் நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் கிராண்ட் பியானோ. மேடை விளக்கு நீலமானால் பியானோவும் நீலம். சிவந்தால் அதுவும் சிவக்கும்.

ரசிகர்கள் கண்ணாடி என்றாலும் அந்தக் கூடு அக்ரிலிக்கால் ஆனது. ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவனம் 1951-லேயே இப்படியொன்றைச் செய்துவிட்டது. 1966 யூரோவிஷன் போட்டியில் வென்ற ஆஸ்திரியப் பாடகர் உடோ யூர்கன்ஸும் ஷிம்மலின் கண்ணாடிப் பியானோவோடு மேடையேறியவர்தான்.

சட்டை மாறினாலும் உயிர் பழையதே. 88 கட்டைகள், 200-க்கு மேற்பட்ட தந்திகள், அவை இழுக்கும் சுமார் 20 டன் விசையைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டம், ஸ்புரூஸ் மரத்தாலான ஒலிப்பலகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. வலது பெடலை மிதித்ததும் தந்திகளை அமுக்கியிருந்த கம்பளித் துண்டுகள் ஒருசேர மேலெழும். கறுப்புப் பியானோவின் மூடி மறைக்கும் இந்தக் காட்சியை இங்கே மூடியின் ஊடாகவே பார்க்கலாம்.

பலவீனம் வளைந்த பக்கச் சுவரில் இருக்கிறது. மரப் பியானோவில் மேப்பிள், பீச் போன்ற கடின மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைக்கிறார்கள். அந்த விறைப்பு ஒலிப்பலகையின் அதிர்வைச் சிந்தாமல் காக்கிறது. அக்ரிலிக் எடையில் கூடுதல், விறைப்பில் குறைவு. அதிர்வில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். மைக் வைத்து வாசிக்கும் பெரிய அரங்கில் இந்த இழப்பு தெரியாது. பராமரிப்பும் எளிதல்ல: எளிதில் கீறல் விழும், தூசி ஒட்டும், ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் மெல்லிய வெடிப்புகள் ஓடும்.

2017 மே மாதம் யோஷிகிக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. டிரம்ஸ் வாசிக்க முடியாத நிலை. ஆனாலும் ஜூலையில் ஜப்பான் சுற்றுப்பயணம் நிற்கவில்லை. அக்கூஸ்டிக் கச்சேரிகளாக மாறியது, அவர் பியானோவில் அமர்ந்தார். குழுவைத் தாங்கி நிறுத்தியது அவருடைய பியானோ வாசிப்புதான்.

என் தீர்ப்பு இது: மைக் இல்லாத சிறிய அரங்கில் ஷோப்பான் கேட்க மரப் பியானோவே சிறந்தது. பல்லாயிரம் பேர் திரளும் ராக் மேடைக்கு அக்ரிலிக் பியானோ முழுத் தகுதி பெற்ற வாத்தியம்.