வடை எப்போது விழ வேண்டும்?

நான் பார்த்த பள்ளிகளில் ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலி கம்ப்யூட்டர் மிஸ்ஸின் பொறுப்பில்தான் இருக்கிறது. ‘கோடிங்’ என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அதற்கு வேறு போக்கிடம் ஏது? எங்கள் பகுதி நூலகத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. இது போய்ச் சேர வேண்டிய இடம் தமிழ் வகுப்பு. அங்கே இடமில்லை என்றால் ஓவிய வகுப்பு.

5 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த செயலி இது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரினா உமாஷி பெர்ஸ் நடத்திய ஆய்வுக் குழு, எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு, பிளேஃபுல் இன்வென்ஷன் கம்பெனி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கி, 2014இல் ஐபேடுக்கு வெளியிட்டன. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டிலும் வந்தது. 2007இல் வந்த ஸ்க்ராட்ச்சின் தங்கச்சி என்று சொல்லலாம். அக்காவிடம் போக எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிய வேண்டும். இங்கே உத்தரவுகள் எல்லாம் படக்குறிகள். எண் தெரிந்தால் போதும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க மின்னஞ்சல் கேட்பதில்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிகளுக்கு இந்தக் கடைசி வசதிதான் பெரிது.

திறந்தால் நடுவில் மேடை, இடப்பக்கம் பாத்திரங்கள், வலப்பக்கம் பக்கங்கள், கீழே உத்தரவு பிளாக்குகள். நீலம் வலப்பக்கமாக நடக்கச் சொல்லும், இளஞ்சிவப்பு பேசச் சொல்லும் என்று நிறங்களை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து முடித்திருந்தார்கள். பிளாக்கை இழுத்து இன்னொன்றின் பக்கத்தில் விட்டால் ஒட்டிக்கொள்கிறது. இடமிருந்து வலமாக, வாசிக்கிற திசையிலேயே கோக்க வேண்டும். ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான். ஐந்தாவது பக்கம் கிடையாது. முதலில் இது கஞ்சத்தனமாகப் பட்டது. இப்போது இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கஞ்சத்தனம்தான்.

காரணம், பாட்டி வடை சுட்ட கதை. எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த கதை என்பதால் அதிலேயே தொடங்கினோம். பாட்டி கடை போடுவது, மாவு அரைப்பது, வடை சுடுவது, காக்கா வருவது, தூக்குவது, பறப்பது, மரம், நரி என்று ஒவ்வொருவருக்கும் ஏழெட்டுப் பக்கம் தேவைப்பட்டது. நான்கில் அடக்கு என்றதும் வாக்குவாதம் ஆரம்பித்தது. மாவு அரைப்பதை விட்டால் கதை கெடுமா? காக்கா பறப்பது தனிப் பக்கமா, அல்லது தூக்குகிற பக்கத்திலேயே முடித்துவிடலாமா? கதைச் சுருக்கம் எழுதுக என்று ஐந்தாம் வகுப்பில் கேட்கிற கேள்விக்கான பயிற்சி இது. பென்சிலே பிடிக்காமல் நடக்கிறது.

நான்காவது பக்கத்தில்தான் வேடிக்கை. காக்கா பாட வேண்டும், வடை விழ வேண்டும். இரண்டுக்கும், தொடங்கச் சொல்லும் பச்சைக் கொடி பிளாக்கைப் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்த பையன் கத்தினான்: “மிஸ், காக்கா பாடுறதுக்கு முன்னாடியே வடை விழுந்திடுச்சு!”

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. வடைக்கு ஒரு ‘பொறு’ பிளாக் போடலாம். அதில் உள்ள எண் விநாடி அல்ல, விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 10 என்றால் ஒரு விநாடி. பையன் 3 போட்டான், போதவில்லை. ஏற்றிக்கொண்டே போய் ஒரு வழியாகப் பொருத்திவிட்டான். பிறகு காக்காவின் பாட்டை இன்னும் நீளமாகப் பதிவு செய்தான், மறுபடி வடை முந்திக்கொண்டது. இரண்டாவது வழி, கடித உறை. காக்காவின் குரல் பிளாக்குக்குப் பின்னால் ஆரஞ்சு உறை அனுப்பும் பிளாக். ஆரஞ்சு உறை வந்தால் விழு என்று வடைக்கு ஒரு பிளாக். இனிப் பாட்டு எவ்வளவு நீண்டாலும் வடை காத்திருக்கும். முதல் வழியில் காக்கா பாடியது, பிறகு வடை விழுந்தது. இரண்டாவதில் காக்கா பாடியதால் வடை விழுந்தது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்க என்னால் முடியாது. இங்கே அவனே முட்டி மோதிக் கண்டுபிடித்துவிட்டான். பக்கத்தில் இருந்த பெண் ஒரு படி மேலே போனாள். வடையின் உறை பிளாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, காக்கா காலடியில் வடையை வைத்துக்கொண்டு பாடுவதாக மாற்றினாள். நரி வந்த வழியே திரும்பியது.

ஓவியக் கருவி சின்னதுதான்: கோடு, வட்டம், சதுரம், முக்கோணம், சில தடிமன்கள், வண்ண வாளி. ஆனால் இழுக்கும் கருவியை எடுத்துக் கோட்டைத் தொட்டால் அதன் மேல் புள்ளிகள் தெரிகின்றன. புள்ளியை இழுத்து மூக்கை நீட்டலாம், வாலை வளைக்கலாம். அழித்து வரைகிற அலுப்பு இல்லை. கேமரா ஏற்பாடு அதைவிட அருமை. வரைந்த வடிவத்துக்குள் தொட்டால் அந்த வடிவத்தின் எல்லைக்குள் மட்டும் படம் நிரம்புகிறது. வட்டம் போட்டு அசல் வடையைப் படம் எடுத்து நிரப்பினோம். கருப்புத் துணியின் நெசவு காக்காவின் இறகாயிற்று. ஒரு சுவரின் காரை பெயர்ந்த திட்டு அடிமரமானது. அன்றைக்கு அறை முழுக்கப் பிள்ளைகள் எதைத் தொட்டால் என்ன சொரசொரப்பு என்று தேடி அலைந்தார்கள். ஓவிய ஆசிரியர்கள் ஏங்குவது இதற்குத்தானே.

குறைகள் உண்டு. முன்பே எடுத்த படத்தைக் கேலரியிலிருந்து கொண்டுவர வழியில்லை. முடித்த கதையை வீடியோவாக மாற்றித் தருவதில்லை. வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றால் திரையைப் பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும். கணக்கு இல்லாததன் மறுபக்கம், எல்லாக் கதைகளும் அந்த டேப்லெட்டிலேயே கிடக்கின்றன. செயலியை நீக்கினால் அவையும் போய்விடும். ஒரே டேப்லெட்டைப் பல பிள்ளைகள் பயன்படுத்தினால் ஒருவர் கதையில் இன்னொருவர் கைவைப்பார். மேல் வலது மூலையில் மஞ்சள் மடிப்பைத் தொட்டுக் கதைக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே உண்டாக்கிவிடுங்கள்.

தமிழில் எழுத டேப்லெட்டில் தமிழ் விசைப்பலகை போட்டுக்கொள்ளலாம். பேச்சுக் குமிழிலும் மேடையிலும் எழுதலாம். ஆனால் ‘கொ’ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் ஆறு வயதுப் பிள்ளை கதையை மறந்துவிடுகிறது. எங்களுக்குக் கைகொடுத்தது குரல்பதிவு. பக்கத்துக்கு ஒரு வாக்கியம் நோட்டில் எழுத வேண்டும். அதை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். தன் குரலைத் தானே கேட்கிற பிள்ளை, தடுமாறிய வாக்கியத்தை யாரும் சொல்லாமலே மறுபடி வாசிக்கிறது. பதிவுக்கு மட்டும் வராந்தாவுக்கு அனுப்புங்கள். வகுப்பறை இரைச்சலில் காக்காவோடு சேர்த்து மொத்த வகுப்பும் பாடும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் இது சீக்கிரம் சலிக்கும். நிபந்தனை பிளாக் இல்லை, மதிப்பெண் எண்ண வழியில்லை. விளையாட்டு உருவாக்க ஆசைப்படுகிறவர்களை ஸ்க்ராட்ச்சுக்கு அனுப்பிவிடலாம். போனின் சின்னத் திரையில் பிள்ளை விரல்கள் தவறான பிளாக்கைத்தான் பிடிக்கும், ஆகவே டேப்லெட் வேண்டும். ஆளுக்கொன்று தேவையில்லை. இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தபோதுதான் எந்தப் பக்கத்தை விடுவது என்ற சண்டையே வந்தது.