கரைவதும் கரையாததும்

கதிரியக்க அடையாளமிட்ட பொருள் தாவரத்தின் எந்தச் செல்லில் தங்கியிருக்கிறது என்று காட்டும் ஆட்டோரேடியோகிராஃபியில் பேச்சு பெரும்பாலும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் ஒளிப்பட எமல்ஷனைப் பற்றியே நடக்கும். ஃபிலிமை உரித்து ஒட்டுவதா, உருகிய எமல்ஷனில் ஸ்லைடைத் தோய்ப்பதா என்பது பழைய வழக்கு. என் பார்வையில் மரபு இரண்டாகப் பிரிவது அதற்கும் முன்னால், திசு தண்ணீரைத் தொடலாமா கூடாதா என்ற இடத்தில்.

புகழெல்லாம் கழுவும் மரபுக்குத்தான். லண்டனில் அல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் விசியா ஃபாபா அவரையின் வேர்நுனிக்குப் பாஸ்பரஸ்-32 ஊட்டி, இரு செல் பகுப்புகளுக்கு நடுவே டிஎன்ஏ உருவாக ஒரு தனிக் காலம் உண்டு என்று 1953இல் நிறுவினர். பாடப்புத்தகத்தின் ஜி1, எஸ், ஜி2 என்ற செல் சுழற்சிக் கட்டங்கள் அங்கிருந்து வந்தவை. 1957இல் டெய்லர், வுட்ஸ், ஹியூஸ் மூவரும் அதே அவரைக்கு ட்ரிட்டியம் ஏற்றிய தைமிடினைக் கொடுத்து நிறுத்தினர். இரண்டாம் பகுப்பில் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு குரோமாடிட் மட்டுமே அடையாளம் ஏந்தி நின்றது. தேடிய டிஎன்ஏ கரையாதது. அதனால் அமிலத்தில் அலசியும் இடம் மாறவில்லை, வேண்டாத மிச்சம்தான் போயிற்று.

சுக்ரோஸ் அப்படி நிற்காது. கார்பன்-14 ஏந்திய சுக்ரோஸ் ஈரம் பட்டதும் புளோயத்தை விட்டு ஓடிவிடும். ஆகவே உறையவைக்கும் மரபு: மிகச் சிறு துண்டை நொடியில் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே பனிக்கு மாற்றாக நீரற்ற கரைப்பானைப் புகுத்தி, பிசினில் பதித்து, சீவலை ஈரம் படாமல் எடுப்பது. விலங்குத் திசுவைவிட இலை இதற்கு முரண்டு பிடிக்கும். வாக்குவோல் நிறைய நீர்; உறைதல் மெதுவானால் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். ஃபிஷரும் ஹவுஸ்லியும் 1972இல், இம்முறையில் கரையும் பொருள் எவ்வளவு தங்குகிறது என்பதையே ஆய்வுப்பொருளாக்கினார்கள். அந்தச் சந்தேகபுத்தியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டு மரபுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. திசுவை நிலைநிறுத்தப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு கட்டற்ற அமினோ அமிலங்களையும் திசுவோடு பிணைத்துவிடும் என்று 1967இல் தெரிந்தது. எவ்வளவு கழுவினாலும் போகாத அவற்றைப் புதிதாய் உருவான புரதம் என்று எண்ணிவிடலாம்.

துல்லியத்தின் எல்லையை ஐசோடோப்பே வகுக்கிறது. ட்ரிட்டியத்தின் பீட்டா துகள் எமல்ஷனில் சுமார் 1 மைக்ரான்தான் போகும். பாஸ்பரஸ்-32இன் துகளோ பல செல்களைக் கடக்கும். எதுவானாலும் கூடவே இரண்டு ஸ்லைடுகள் வேண்டும்: கதிரியக்கமே ஊட்டாத திசு ஒன்று, முன்கூட்டி ஒளிபட்ட எமல்ஷன் பூசியது ஒன்று. முதலாவது திசுவின் வேதிப்பொருளே வெள்ளி மணிகளை விளைவிக்கிறதா என்று சொல்லும். மற்றது, பதிந்ததை அழிக்கிறதா என்று சொல்லும். டானின் மிகுந்த தேயிலைக் கொழுந்து போன்றவற்றில் இவற்றைப் பார்க்காமல் மணி எண்ண உட்காருவது வீண்வேலை.