இரக்கமும் உரிமையும்: ஒரு நாவல் நோக்கு

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரு கில் அ மொக்கிங்பேட்’ என்னும் நாவல், நிறவெறியாற் சீர்கெட்ட நீதியைக் காட்டும் நூலென்றே போற்றப்படுகின்றது. அது மெய்யே. ஆயினும், அதில் எதிரிக்கூண்டில் நிற்கும் ரொம் றொபின்சன் கறுப்பினத்தவன் மாத்திரமல்லன், அங்கவீனனும் ஆவான் என்பதைப் படிப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அம்மறதிக்கு நூலும் ஓரளவு காரணமாகின்றதோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை 1930களின் அலபாமா மாநிலத்தில் நிகழ்வது. சிறுவயதிற் பருத்திக்கொட்டை நீக்கும் பொறியில் அகப்பட்டமையால் ரொம்மின் இடக்கை சூம்பிச் செயலிழந்தது. சத்தியஞ் செய்தற்கு விவிலியத்தின்மீது வைத்தபோதும் அக்கை நில்லாது நழுவி விழுகின்றது. மேயெல்லா என்னும் வெள்ளையினப் பெண்ணை அடித்து வன்புணர்ந்தான் என்பது அவன்மீது சாட்டப்பட்ட குற்றம். அவள் முகத்திற் காயமுற்றது வலப்புறம். கழுத்தைச் சுற்றிலும் விரற்றடங்கள். எதிர்நின்று இடக்கையால் அடித்தவனே அக்காயத்தை விளைத்திருத்தல் வேண்டும். அவள் தந்தையோ இடக்கையால் எழுதுபவன். இவற்றையெல்லாம் எதிரியின் சட்டத்தரணி அற்றிக்கஸ் ஒழுங்குற எடுத்துக் காட்டுகின்றார். யூரிமார் கண்டும் குற்றவாளியென்றே தீர்க்கின்றனர்.

இவ்விடத்து வழக்குத்தொடுநரின் குறுக்கு விசாரணை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒற்றைக் கையாலே அலுமாரியைப் பிளந்தவனுக்கு ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கும் வலிமையும் உண்டென்று அவர் ரொம்மின் வாயாலேயே சொல்விக்கின்றார். வருந்தி உழைத்துத் தன் குறையை வென்றமையே அவனுக்கு எதிரான சான்றாகின்றது. உழையாதிருப்பின் சோம்பேறி என்பர்; உழைத்தாலோ குறையே பொய்யென்பர். அங்கவீனர் பலர் இன்றும் அனுபவிக்கும் இவ்விடர்ப்பாட்டைச் சில வரிகளிலே காட்டியமை ஹார்ப்பர் லீயின் பெருஞ் சிறப்பாகும்.

ஆயின், குறை எங்குளது? மேன்முறையீடு நிலுவையிலிருக்க, சிறைவேலியில் ஏறித் தப்ப முயலும் ரொம்மைக் காவலர் சுட்டுக் கொல்கின்றனர். அவனுடலிற் 17 குண்டுகள் பாய்ந்திருந்தன. இரு கையும் நலமாயிருப்பின் தப்பியிருப்பான் என்பது காவலர் கூற்று. ஊர்ப் பத்திராதிபரோ அங்கவீனரைக் கொல்வது பாவமெனக் கண்டித்து, அவன் மரணத்தைப் பாடும் பறவைகளின் கொலைக்கு ஒப்பிடுகின்றார். நூலின் பெயரும் அவ்வுவமையைத் தழுவியதே. நல்லெண்ணத்திற் பிறந்த உவமைதான்; எனினும் பறவை இரக்கத்தையே வேண்டி நிற்கும், மனிதனுக்கு உரிமையும் உண்டு. வழக்குத்தொடுநர் அவன் குறையை நம்ப மறுத்தார், அற்றிக்கஸ் அதனைச் சான்றாக்கினார், பத்திராதிபர் இரங்கினார். இத்தகையான் ஒருவனைக் காவலில் வைத்த அரசு அவனுக்குச் செய்யவேண்டிய கடமை யாது என நூலில் எவரும் வினவவில்லை.

அவ்வினா கதையோடு முடிவதன்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற் பிறந்த இயேசுசபைக் குரு ஸ்ரான் சுவாமி, 2020 ஒக்ரோபரில் தமது 83ஆம் வயதிற் கைதாகி, நவி மும்பையிலுள்ள தலோஜாச் சிறையில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். பார்க்கின்சன் நோயாற் கைந்நடுங்கிக் கிண்ணத்தை ஏந்த இயலாத அவர், நீர் பருகுதற்கு உறிஞ்சுகுழலும் மூடியுள்ள குவளையும் வேண்டி நவம்பரில் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். மறுமொழி கூறுதற்குப் புலனாய்வு முகாமை 20 நாள் தவணை கேட்டது. பிணை கிடையாமலே 2021 யூலை 5இல் அவர் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

நீதியை நாடும் வழியும், காவலிலுள்ளபோது ஏற்ற வசதியும் அங்கவீனரின் உரிமைகள் என 2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சமவாயம் கூறுகின்றது. இலங்கையும் 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. இந்நாவலைப் படிக்கும் மாணவர் ரொம்முக்காகக் கண்ணீர் விடுவர், விடட்டும். நீதிமன்றமும் சிறையும் அவனுக்கு யாது செய்திருத்தல் வேண்டும் என்னும் வினாவையும் கற்பிப்போர் வகுப்பில் எழுப்புவாராயின், ஹார்ப்பர் லீ தொடங்கிய பணி நிறைவுறும்.