ஏறும் யாத்திரையும் இறங்கும் திருமொழிகளும்

வடநாட்டுத் திருப்பதிகளைச் சேவிக்கச் செல்லும் ஸ்ரீவைஷ்ணவர்கள் கையில் இப்போது தவறாமல் ஒரு கையேடு இருக்கிறது. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதாரம், பதரி என்னும் நான்கையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், நடை எத்தனை கல் தொலைவு, டோலியும் ஹெலிகாப்டரும் எங்கே கிடைக்கும் என்பவற்றையெல்லாம் அது சொல்லும். பதரி என்ற தலைப்பின்கீழ்ப் பெரிய திருமொழியிலிருந்து ஒரு பாசுரம் அச்சிட்டிருக்கும். தேவப்ரயாகையும் ஜோஷிமட்டமும் "வழியில்" என்ற பகுதியில் இரண்டு வரிகளாகச் சுருங்கியிருக்கும். இக்கையேடுகள் தொண்டுள்ளத்தோடு தொகுக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றினுள்ளே ஒரு வ்யாக்யானம் ஒளிந்திருக்கிறது. உயரம் ஏறஏறப் புண்யம் ஏறும். ஆற்றின் தலைப்பைத் தொடுவதே யாத்திரையின் முடிவு. மலை ஏற இயலாதவன் பேறு இழந்தவன் என்பதே அது. அருளிச்செயல் இதற்கு இடங்கொடுக்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் முதல் திருமொழியில் வீணாய்க் கழிந்த நாள்களுக்கு வருந்தி, நாராயணன் என்னும் திருநாமத்தைக் கண்டுகொண்டதாக அறுதியிட்டார். அடுத்த திருமொழி திருப்பிரிதி. மூன்றும் நான்கும் திருவதரி. ஐந்தாவது சாளக்கிராமம், ஆறாவது நைமிசாரணியம், ஏழாவது சிங்கவேள்குன்றம். எட்டாவது தொடங்கி நான்கு திருமொழிகள் திருவேங்கடத்துக்கு. அதன்பின் திருவெவ்வுளும் திருவல்லிக்கேணியும் திருநீர்மலையும் கடல்மல்லையும் வருகின்றன. இமயத்தில் தொடங்கித் தொண்டைநாட்டுக் கடற்கரைவரை ஒரே இறக்கம்.

வடக்கிலிருந்து தெற்காக எண்ணியதற்கு உள்ளுறை ஒன்று தேடவேண்டுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆழ்வார் சோழநாட்டவர்; திருக்குறையலூரில் தோன்றித் திருவாலிப் பெருமானிடமே திருமந்த்ரம் பெற்றவர் என்பது குருபரம்பரை காட்டும் வரலாறு. உபகாரம் பெற்ற இடத்தில் தொடங்குவதே இயல்பாக இருந்திருக்கும். அதை விட்டுப் பாரததேசத்தின் மறுகோடியில் தொடங்கியதற்குச் சம்ப்ரதாயம் சொல்லும் காரணம் நம்மவர் அறிந்ததே: நாராயணன் ஆசார்யனாய் நின்று நரனுக்குத் திருமந்த்ரத்தை வெளியிட்டது பதரியில். ஆகவே ஆழ்வார் நாடியது திருநாமத்தின் பிறப்பிடத்தையே, மலையுச்சியை அன்று. ஊற்று என்ற சொல்லை இங்கே ஆளலாமாயின், அது மந்த்ரத்தின் ஊற்று.

இங்கே ஒரு முடிச்சு இருப்பதை மறைக்க விரும்பவில்லை. திருப்பிரிதியை ஜோஷிமட்டமாகக் கொள்வது இன்று பெருவழக்கு. அப்படியானால் அது பதரிக்குத் தெற்கே, அளகநந்தையின் கீழ்ப்போக்கில் இருப்பது. பிரிதியிலிருந்து வதரிக்குச் செல்வது ஏற்றமே ஒழிய இறக்கம் ஆகாது. மேலும் ஜோஷிமட்டத்தில் முதன்மையாகச் சேவை சாதிப்பவன் நரஸிம்ஹன். ஆழ்வாரோ பிரிதியெம்பெருமானைத் தேவர்கள் அரவணைத் துயில்பவனாக அழைத்து வணங்குவதாகப் பாடுகிறார். இதனால் பிரிதியை மானஸஸரஸ்ஸின் பக்கம் தேடுவாரும் உண்டு. அத்திருமொழியில் ஒரு களிறு மூங்கிலின் இளமுளையைத் தேனில் தோய்த்துத் தன் பிடிக்கு ஊட்டுகிறது. மயில்கள் முகடேறி ஆடுகின்றன. ஆனை ஏறாத உயரத்தில் ஆனை எப்படி வந்தது என்று கேட்டு இடத்தை மாற்றப் பார்ப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். களிறும் பிடியும் மூங்கிலும் தேனும் மயிலும் தமிழ்க்கவி மரபில் குறிஞ்சித்திணையின் கருப்பொருள்கள். ஆழ்வார் இமயத்தைக் குறிஞ்சியாக்கிப் பாடுகிறார். அவற்றைக் கொண்டு நிலஅளவை செய்வது கவியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதாகும். தலநிர்ணயம் எதுவாயினும் இருக்கட்டும். இக்கட்டுரையின் வாதம் அதனை நம்பி நிற்கவில்லை. வினைச்சொற்களை நம்பியே நிற்கிறது.

அவ்வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். பிரிதித் திருமொழியில் ஆழ்வார் தம் நெஞ்சை விளித்து, சென்று அடை என்று ஏவுகிறார். போவது நெஞ்சு, அனுப்புகிறவர் இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். வதரியின் முதல் திருமொழியில் வணங்குவோம் என்று தன்மைப்பன்மையில் பேசுகிறார். நெஞ்சும் தாமும் கூடினார்கள், செயல் இன்னும் எதிர்காலத்தில். இரண்டாம் திருமொழியில் ஏவலும் இல்லை, துணிவும் இல்லை. கங்கைக்கரையில் அவன் உளன் என்ற செய்தி மட்டும் பாசுரந்தோறும் நிலைபெறுகிறது. சாளக்கிராமத்தில் மீண்டும் நெஞ்சை நோக்கி அடை என்ற ஏவல். நீர்நிலைகள் சூழ்ந்த அழகிய இடமாக ஆழ்வார் காட்டும் சாளக்கிராமம், மழை மறைந்த வறண்ட முக்திநாதம்தானா என்ற வழக்கு வேறு. அதை இங்கே எடுக்கவில்லை. அடுத்தது நைமிசாரணியம். அங்கேதான் அந்த ஏவல்வினை இறந்தகாலத் தன்மைவினையாகிறது. செய்த பாபங்களைச் சொல்லி, யமபடர்க்கு அஞ்சி, உன் திருவடியை வந்து அடைந்தேன் என்று எம்பெருமானை நேரே விளித்துப் பேசுகிறார். நெஞ்சு என்ற இடையாள் இப்போது இல்லை.

நைமிசாரணியம் மலையன்று, கோமதியாற்றங்கரைச் சமவெளிக்காடு. இமயத்தில் நான்கு திருமொழி நீளத்துக்கு அடை, அடை என்று ஏவிவந்தவர், அடைந்தேன் என்று சொன்னது மலை இறங்கிய பிறகு. யாத்திரையின் உச்சம் பதரியில்தான் என்று எண்ணிக்கொண்டு படிக்கிறவர்க்கு இது புலப்படாது. கையேடுகளிலோ நைமிசம் வேறொரு சுற்றுலாவின் பட்டியலில், அயோத்தியோடு சேர்ந்து கிடக்கிறது.

மூன்றாம் திருமொழிக்கு வருவோம். அடியேன் கண்ட சில கையேடுகளில் பதரிக்கு நான்காம் திருமொழியே அச்சிடப்பட்டிருந்தது, மூன்றாவது விடப்பட்டிருந்தது. காரணத்தை ஊகிக்கலாம். கோலைத் துணைகொண்டு கூனிக்குறுகி, அடி வைக்கும் இடத்தையே பார்த்து நடந்து, இடையிடையே அமர்ந்து இளைப்பாறுவதும், கண்ணில் பீளை சோர்வதும், இருமுவதும், இளம்பெண்கள் எள்ளி விலகுவதும் அதில் பச்சையாகப் பாடப்பட்டிருக்கின்றன. அந்நிலை வருமுன் வதரியை வணங்குவோம் என்பது அதன் சொற்பொருள். ஓய்வூதியம் பெற்ற பின்னரே புறப்படுகிற யாத்ரிகர்கள் நிறைந்த பேருந்தில் இதைச் சேவிக்க யாருக்கும் மனம் வராது என்பது உண்மைதான். இதற்கு நேர்மாறாக, இளமையிலேயே போய்விடுங்கள் என்ற எச்சரிக்கையாக இதை எடுத்தாளும் உபந்யாஸகர்களும் உண்டு. விடுபவர், எடுத்தாள்பவர் ஆகிய இருதிறத்தாரும் இத்திருமொழியை மலைப்பாதைக்குத் தேவையான உடல்தகுதிச் சான்றாகவே வாசிக்கிறார்கள் என்பது அடியேனது குறை.

மலைவழியின் அருமையைச் சொல்வதே ஆழ்வாரின் கருத்தாக இருந்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருப்பார். வழியின் அருமையைப் பாட அவர் அறியாதவர் அல்லர். சிங்கவேள்குன்றத் திருமொழியில் வெப்பமும் வறட்சியும் வில்லேந்திய வேடர்களும் கண்முன் நிற்கிறார்கள். சென்று காண அரிய கோயில் என்றே அங்கே பாடுகிறார். வதரியிலோ வழியைப் பற்றிய முறையீடு இல்லை. தளர்வதும் இளைப்பதும் மலையேறுகிறவன் உடம்பல்ல. வீட்டுத் திண்ணையிலிருந்து நாலடி நடக்கிறவன் உடம்பு. பழைய காமங்களைப் பிதற்றிக்கொண்டிருக்கிற நாவும், அதைக் கேட்டுச் சிரிக்கிற மாதரும் அங்கே வருவதற்கு வேறு காரணம் என்ன? முதல் திருமொழியில் பொதுவாக வருந்திய வாழ்வு, மூன்றாம் திருமொழியில் உறுப்புறுப்பாகக் காட்டப்படுகிறது. பற்றிய விஷயங்கள் எல்லாம் கைவிடும் என்பதே அதன் உள்ளீடு. வதரி அங்கே மலையாக நிற்கவில்லை. கைவிடாதவன் இருக்கும் இடமாக நிற்கிறது.

ஆற்றின் தலைப்பைப் பற்றி இப்போது பேசலாம். கங்கையின் பிறப்பிடம் என்று யாத்திரைக்காரர்கள் கொள்வது கங்கோத்ரிப் பனியாற்றின் முகமான கோமுகத்தை. அங்கிருந்து இறங்குவது பாகீரதி. பதரி வழியே வருவது அளகநந்தை. இரண்டும் தேவப்ரயாகையில் கூடுகின்றன. அதற்குக் கீழேதான் ஆற்றுக்குக் கங்கை என்ற பெயர். நீரின் அளவை நோக்கினால் அளகநந்தையே பெரிது. திருமங்கையாழ்வார் பதரியின் பக்கத்து ஆற்றைக் கங்கை என்றே பாடுகிறார். ஸ்ரீவிஷ்ணுபுராணம் கங்கையை ஸீதை, அளகநந்தை, சக்ஷு, பத்ரை என நான்காகப் பிரித்து, பாரதவர்ஷத்துக்கு வருவது அளகநந்தை என்கிறது. ஆழ்வார் வாக்கும் அதனோடு பொருந்துகிறது. ஆனால் புராணமும் ஆழ்வார்களும் ஊற்று என்று கொண்டது இவ்விரண்டு பனிமுகங்களையும் அல்ல. த்ரிவிக்ரமன் திருவடி அது. விஷ்ணுபதீ என்ற பெயரே போதும்.

பெரியாழ்வார் நான்காம் பத்தின் ஏழாம் திருமொழியைக் கண்டமென்னும் கடிநகருக்கு அருளினார். அதைத் தேவப்ரயாகை என்பது நம் சம்ப்ரதாயத்தில் நிலைபெற்ற நிர்ணயம். அங்கே சேவை சாதிப்பவன் ரகுநாதன். ஆழ்வாரும் முதற்பாசுரத்தைத் தாசரதியைக் கொண்டே தொடங்குகிறார். அதே பாசுரத்தில், கங்கையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கொடுவினை தீரும் என்கிறார். நீராடவும் வேண்டா, பெயர் போதும். அடுத்த பாசுரத்தில் சிவபிரான் சடையிலிருந்த கொன்றையும் நாராயணன் திருவடியிலிருந்த துழாயும் ஒரே புனலில் கலந்து இழிகின்றன. இரண்டு ஆறுகள் நிறம் வேறாய் வந்து கலக்கும் துறையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பாசுரம் எப்படித் தோன்றும் என்று விரிக்க வேண்டியதில்லை. ஆற்றுக்குப் பெயர் பிறக்கும் இடத்தை, பெயரின் பெருமை பாடும் திருமொழிக்கு ஆழ்வார் நிலமாக்கினார். திருநாமத்தில் தொடங்கி வதரிக்குச் சென்ற திருமங்கையாழ்வாரின் வரிசையும் இதுவும் ஒரே திருவுள்ளம். இரண்டிலும் ஊற்று நாமமே.

இன்று அந்தத் துறையின் நீரில் பாகீரதியின் பங்கு டிஹரி அணையின் மதகுகள் திறக்கும் அளவுக்கு ஏறி இறங்குகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ஜோஷிமட்டத்து வீடுகளில் வெடிப்புகள் விழுந்து, மக்கள் வெளியேற்றப்பட்டதை நாம் செய்தியாகப் படித்தோம். பிரிதியென்று நாம் கைகூப்பும் மண்தான் அது. எம்பெருமானுக்கே என்ன தீங்கு வருமோ என்று பல்லாண்டு பாடினவருடைய வழியில் வந்தவர்கள், திவ்யதேசத்து மண் பிளந்தபோது அடுத்த பருவத்தில் வழி திறந்திருக்குமா என்பதையே முதலில் கேட்டோம். மங்களாசாஸனம் என்ற சொல்லை யாத்திரைப் பட்டியலின் தலைப்பாக்கியதால் வந்த வினை என்று சொன்னால் கடுமையாகலாம், ஆயினும் எழுதிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்குமுன் அடியேன் சென்ற கூட்டத்தில் தேவப்ரயாகைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பெருஞ்சாலை மேலே, ஸங்கமம் கீழே. படிகள் அதிகம் என்று அறிவித்ததும் பலர் இருக்கையிலேயே தங்கினர். முழங்கால் மடக்க முடியாத ஒரு பெரியவர் சன்னலோரத்தில் அமர்ந்து, கீழே தெரிந்த இரட்டை நீரைப் பார்த்தபடி கண்டமென்னும் கடிநகர்த் திருமொழியைத் தொடக்கம் முதல் பலச்ருதிவரை மெல்லிய குரலில் சேவித்தார். கீழே போய் நீராடித் திரும்பியவர்கள் வண்டியில் ஏறியபோது, "ஸ்வாமிக்குத்தான் பாக்யமில்லாமல் போயிற்று" என்று இரங்கினார்கள். அவர் மறுமொழி கூறவில்லை. மாலையில் ருத்ரப்ரயாகைக்கு அருகே வண்டி நின்றபோது, முன்னிருக்கைக் கம்பியைப் பற்றிக்கொண்டு மெள்ள எழுந்து, ஒவ்வோர் அடியாகப் பார்த்துவைத்து இறங்கினார். அப்போதும் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, உற்றுக் கேட்டேன். வதரியின் முதல் திருமொழி, அந்தக் கோலூன்றும் பாசுரம்.