ஓநாய் வராத கதை

இஷாத் தொழுகைக்குப் பின் விடுதி மாணவர்கள் கூடி ஜின் கதை பேசுவது அரபுக் கல்லூரிகளுக்குப் புதியதன்று. பொள்ளாச்சி வட்டாரத்தில் இக்கதைகளுக்குப் புளியமரம் இன்றியமையாதது. கோவைச் சாலை அகலப்படுத்தப்பட்டபோது மரங்கள் பல வீழ்ந்தன. அவற்றில் குடியிருந்தவை எங்குச் சென்றன என்பதே இப்போதைய கதை. ஒருமுறை இரு மாணவர் கதை சொல்லக் கேட்டோம். முதலாமவர் ஜின்னின் உயரம், கண்ணின் நிறம், பல்லின் நீளம் யாவற்றையும் தொடக்கத்திலேயே அடுக்கினார், கேட்டோர் சிரித்தனர். மற்றவரோ, பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ உளூச் செய்யும் நீரோசை கேட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். அன்றிரவு ஹவுள் பக்கம் தனியே செல்ல எவரும் துணியவில்லை.

திகிற்கதையின் பிடி காட்டுவதில் இல்லை. எதை, எப்போது, எவ்வளவு காட்டுவது என்று அளப்பதில் இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ (1943) சிறுகதையைப் படித்தோர் நினைவில் நிற்பது பேயின் உருவமன்று. உறக்கம் வராத எழுத்தாளர் ஒருவரின் நாசியில் நள்ளிரவில் ஏறும் வாடையே. மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொண்ட பெண் யார் என்பதற்கு ஆசிரியர் இறுதிவரை தீர்ப்பு வழங்குவதில்லை. திரையில் இவ்வடக்கத்துக்குச் சான்று, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). பாடல் ஒன்றுகூட இல்லாத படம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டுச் சூழலில், கதைநாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். கொன்றவர் யார் என்று தேடிச் செல்லும் நாம், ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் இறந்தவன் யார் என்ற வேறொரு வினாவில் சிக்கிக்கொள்கிறோம். ‘சந்திரமுகி’ (2005) படத்துக்குப் பூட்டிய அறை என்னும் அருமையான கருவி கிடைத்தும், நகைச்சுவையும் சண்டையும் இடையிடையே புகுந்து அச்சத்தை ஆற்றிவிடுகின்றன. அதன் மூலமான மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்திலும் நகைச்சுவை உண்டு. ஆயினும் அங்கு அது நம் ஐயத்தைக் கலைப்பதில்லை.

மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பேசிக்கொண்டிருப்போருக்குத் தெரியாமல், பார்ப்போருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதுவே பதைப்பு. இருவருக்கும் தெரியாமல் வெடித்தால் அது வெறும் திடுக்கீடு. 1962இல் திரூஃபோவுடன் நிகழ்த்திய நெடிய உரையாடலில் ஹிட்ச்காக் விளக்கிய வேறுபாடு இது. இதைப் படித்தபோது நம் எண்ணம் ஸூரத்து யூசுஃபுக்குச் சென்றது. இறைமறையைத் திரைப்படத்தோடு நிறுத்துப் பார்க்கிறோம் என எவரும் கருத வேண்டா. அழகிய வரலாறு என்று அல்லாஹ்வே சிறப்பித்த ஒன்றின் அழகு எங்கெங்கு உள்ளது என ஆராய்வது தஃப்ஸீர் கலைக்கு அயலன்று.

111 வசனங்கள் கொண்ட அவ்வத்தியாயத்தில் கனவு நான்காம் வசனத்தில் வருகிறது. அது பலிப்பது நூறாம் வசனத்தில். இடையில் நிகழ்வதை நாம் அறிந்தும் அறியாதவராய்க் கேட்கிறோம். மகனை ஓநாய் தின்றுவிடுமோ என்று யஃகூப் (அலை) அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தையே மகன்கள் பொய்யாக்கித் திருப்பிக் கொண்டுவருகின்றனர். ஓநாய் வரவேயில்லை, பொய் இரத்தம் பூசிய சட்டை மட்டும் வருகிறது. பிள்ளை கிணற்றில் உயிரோடிருப்பது நமக்குத் தெரியும். தந்தையிடம் சொல்ல நமக்கு வழியில்லை. சட்டை மீண்டும் வருகிறது, பின்புறம் கிழிந்ததாய். மூன்றாம் முறை தந்தையின் பார்வையை மீட்பதாய். இப்பகுதியை நடத்துகையில் வகுப்பு மணி அடித்தால் மாணவர் முகங்களில் ஓர் ஏமாற்றம் தெரியும். அவர்களுள் பலர் ஹாஃபிழ்கள். முடிவை மனனம் செய்தவர்கள்! முடிவு தெரிந்தால் பதைப்பு அகலும் என்னும் கொள்கை இங்கே நிற்பதில்லை.

ஸூரத்துல் கஹ்ஃபில் முறை நேர்மாறானது. மரக்கலம் சேதமாக்கப்படுகிறது, சிறுவன் கொல்லப்படுகிறான், உணவளிக்க மறுத்த ஊரில் சுவர் செப்பனிடப்படுகிறது. காரணம் மூஸா (அலை) அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. உடன்வந்த பெரியாரின் பெயரைக்கூடத் திருமறை சொல்வதில்லை. கிள்ரு (அலை) என நாம் அறிவது நபிமொழியால். பிரிவு உறுதியான பின்னரே விளக்கம் வருகிறது. மூஸா (அலை) இன்னும் பொறுத்திருந்தால் மேலும் செய்தி கிடைத்திருக்குமே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதாக புகாரீயில் உள்ளது. மேலும் கேட்க வேண்டும் என்ற அவ்வேட்கையை நாம் மிக விருப்பத்தோடு எண்ணிப் பார்ப்பதுண்டு.

இவ்வளவு நுட்பம் கையில் இருக்க, நம் மேடைகள் கற்றிருப்பதோ பல்லின் நீளம் சொன்ன மாணவரின் முறையை. கப்ரின் வேதனை நம் நம்பிக்கையின் பகுதி, அதில் ஐயமில்லை. அதற்கு மேல் சரக்கு ஏற்றுவதே நம் கவலை. பாக்தாதில் பெருங்கூட்டங்களை அழவைத்த பேச்சாளரான இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு ஹி. 597) அவர்களே கதைசொல்லிகளைப் பற்றித் தனி நூல் எழுதி, கூட்டத்தை ஈர்க்கப் பொய்ச் செய்திகளைப் பரப்பியோரைக் கண்டித்துள்ளார்கள். உரையின் வலிமையை அறிந்தவர் செய்த கண்டனம் அது.

அண்மையில் ஓர் ஊரில் நடந்த பயானில் கப்ருப் பாம்பின் நீளமும் நஞ்சின் நிறமும் ஒரு மணி நேரம் விவரிக்கப்பட்டன. மறுநாள் ஒரு சிறுவன் நம்மிடம் வந்தான். பாட்டியாரை அடக்கி நாற்பது நாள் ஆகவில்லை. "ஹஜ்ரத், எங்க நன்னிமாவுக்கும் அந்தப் பாம்பு வந்திருக்குமா?" என்று கேட்டான். பாட்டியாருக்காக அவனை துஆச் செய்ய வைத்து, அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பற்றிச் சற்று நேரம் பேசி அனுப்பினோம். பின்னர் உரையாற்றியவரைச் சந்தித்தபோது, நஞ்சின் நிறம் எந்தக் கிதாபில் உள்ளது என வினவினோம். வேறொரு பயானில் கேட்டதாகச் சொன்னார்.