பார்த்து வரைதல்

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவது சொந்தக் கற்பனையைக் கெடுக்கும் என்பார் உளர். வின்சென்ட் வான் கோவின் பயிற்சியை நோக்குவார்க்கு அக்கூற்று பொருந்தாமை விளங்கும்.

1880-ஆம் ஆண்டில், தமது 27-ஆம் வயதில் ஓவியராக உறுதிபூண்ட அவர், சார்லஸ் பார்க்கின் பயிற்சிப் படங்களைப் பலமுறை பார்த்து வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850-இல் தீட்டிய ‘விதைப்பவன்’ ஓவியத்தை, அதன் அச்சுப்படத்தைக் கொண்டு 1881-இல் பேனாவால் வரைந்தார். அதில் உழைப்பு உண்டு, தனித்தன்மை குறைவே.

1888-இல் ஆர்ல் நகரில் அதே பொருளை மீண்டும் தீட்டினார். கைவீசி நடக்கும் உழவன் மில்லே தந்தவனே. ஆயினும் அங்கே படத்தை நிறைத்து நின்றவன், இங்கே சிறுத்து வயலினூடே நடக்கிறான். ஊதா மண்ணும் மஞ்சள் ஞாயிறுமே படத்தை ஆளுகின்றன. உருவம் கடன், வண்ணம் அவர்தம் சொந்த ஈட்டம்.

இத்தகைய திறம் பெற்ற பின்னும் அவர் பார்த்து வரைவதை விடவில்லை. 1889, 1890-ஆம் ஆண்டுகளில் மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள் பலவற்றுக்குத் தாமே வண்ணம் தேர்ந்து தீட்டினார். முதலில் கைக்குப் பயிற்சி. பின்னர்க் கருத்துக்குப் பயிற்சி. மூலத்தையும் தம் படத்தையும் அருகருகே வைத்து, எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று வினவும் இளம் ஓவியரே இப்பயிற்சியால் வளர்வர்.